வெங்காய விலையை ஒவ்வொரு முறையும் சர்வரில் கேட்பதா, போனில் சேமித்துக் காட்டுவதா?

வணக்கம் நண்பர்களே. கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றுக்கு ஓடர் எடுக்கும் ஆப் செய்கிறேன். 25 மாவட்டங்களின் பட்டியல் மாறப்போவதில்லை. அதை ஜேசன் ஃபைலாக (தரவை எழுதிவைக்கும் எளிய கோப்பு) ஆப்புக்குள்ளேயே வைத்துவிட்டேன். மத்திய வங்கியின் டொலர் விலையை நாளுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். சிக்கல் வெங்காயத்திலும் உருளைக்கிழங்கிலும்தான். லொறி வந்து இறங்க இறங்க, ஒரே காலையில் விலை இரண்டு மூன்று தடவை மாறுகிறது.

முதலில் ஒவ்வொரு முறையும் சர்வரில் கேட்டேன். சிக்னல் குறைந்த இடங்களில் திரை வெறுமையாக நின்றது. சரி என்று 6 மணி நேரத்துக்குப் போனிலேயே சேமித்து வைத்தேன். போன கிழமை வவுனியாக் கடைக்காரர் ஒருவர் பழைய விலையைப் பார்த்து ஓடர் போட்டுவிட்டார். முதலாளி அந்த விலைக்கே கொடுத்து நட்டத்தை ஏற்றுக்கொண்டார். பிழை என்னுடையது, மனம் ஆறவில்லை.

இப்போது யோசிப்பது இதுதான்: சேமித்த விலையை எடுத்த நேரத்தோடு உடனே காட்டிவிட்டு, பின்னணியில் புதியதை எடுப்பது. ஓடரை உறுதிசெய்யும்போது மட்டும் சர்வரில் கட்டாயம் சரிபார்ப்பது. பில்லில் பதிந்த விலை பிறகு மாறவே கூடாது.

இப்படிச் செய்த அண்ணாமார், அக்காமார் இருக்கிறீர்களா? அந்தக் கடைசி நொடியில் விலை மாறியிருந்தால் வாங்குபவருக்கு எப்படிக் காட்டுகிறீர்கள்? இதற்கு வெப்சொக்கெட் (சர்வரே புதிய விலையை உடனுக்குடன் போனுக்கு அனுப்ப, திறந்தே இருக்கும் இணைப்பு) தேவைப்படுமா?