வக்ஸ் போட்ட பிறகும் பொனற்றில் வெள்ளை வளையங்கள்: என்ன செய்யலாம்?

உரும்பிராய்த் தம்பி:
வணக்கம். அக்காவின் கலியாணத்துக்கு அப்பாவின் 1958 மொறிஸ் மைனரைத்தான் பொம்பிளைக் காராக விடப்போகிறோம். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. கறுப்பு நிறம், பழைய பெயின்ற். ஞாயிறு காலை கிணற்றுத் தண்ணீரில் கழுவி, முற்றத்து வெயிலில் காயவிட்டு, வக்ஸ் பூசினேன். மினுங்கியது. ஆனால் சரிந்து பார்த்தால் பொனற் (எஞ்சின் மூடி) முழுக்கச் சோற்றுப் பருக்கை அளவில் வெள்ளை வளையங்கள். இரண்டாம் தரம் பூசியதும் இன்னும் எடுப்பாகத் தெரிகின்றன. துடைத்த துணியில் வேறு கறுப்பு ஒட்டுகிறது. பெயின்ற்றைக் கெடுத்துவிட்டேனோ? அப்பா ஒன்றும் சொல்லவில்லை, காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

கோண்டாவில் வாசி:
தம்பி, பயப்பட வேண்டாம். அது நம்முடைய தண்ணீரின் வேலை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளைதான் துளி காய்ந்த இடத்திலும் படிகிறது. நீங்கள் அதன் மேலேயே வக்ஸ் பூசி மூடிவிட்டீர்கள்.

முதலில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரால் வக்ஸைக் கழற்றுங்கள். வக்ஸ் இருந்தால் வினாகிரி கீழே இறங்காது. பிறகு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து, வளையத்தின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். நிழலில்தான், பொனற் கைக்குக் குளிராக இருக்கும்போது. குரோமிலும் பெயின்ற் உரிந்த தகரத்திலும் படவிட வேண்டாம். நன்றாகக் கழுவி, உடனே துவாயால் ஒற்றி எடுங்கள். கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீர் இருந்தால் அருமை.

சுன்னாகம் பெயின்ற் வேலைக்காரர்:
துணியில் கறுப்பு ஒட்டினால் மேலே கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் பூசும் நிறமில்லாத காப்புப் பூச்சு) இல்லை, பெயின்ற்றே வருகிறது என்று அர்த்தம். பழைய கார்களில் அப்படித்தான். ஆனபடியால் கட்டிங் கொம்பவுண்டை, அதாவது பெயின்ற்றை அராவுகிற பசையை, மெஷினில் போட்டு ஓட்ட வேண்டாம். மூலை விளிம்புகளில் பெயின்ற் மெல்லியது, சட்டென்று அடிப்பூச்சான பிறைமர் தெரிந்துவிடும். மென்மையான பொலிஷைக் கையால், ஒவ்வொரு முழமாகத் தேயுங்கள். மினுக்கம் அங்கேதான் வரும், வக்ஸ் அதைக் காப்பாற்றுகிற மூடி மட்டும். வக்ஸ் மெல்லிசாக இருக்க வேண்டும், கண்ணாடியில் மூச்சு விட்டால் படிகிற ஆவி அளவுக்கு. விரலால் இழுத்துப் பார்த்துச் சுத்தமாக வந்தால் துடைக்கலாம்.

அப்புறம் ஒன்று: உங்கள் பக்கத்துச் செம்பாட்டு மண் தூசியைக் காய்ந்த துணியால் தட்டவே கூடாது. கறுப்பில் ஒவ்வொரு கீறலும் தெரியும்.

உரும்பிராய்த் தம்பி:
அண்ணாமார், நன்றி. வினாகிரி வைத்தேன், வளையங்கள் முக்கால்வாசி போய்விட்டன. சூடேறும் நடுப்பகுதியில் ஏழெட்டு மட்டும் நகத்துக்குத் தட்டுப்படுகின்றன. தேய்த்தால் போகுமா?

சுன்னாகம் பெயின்ற் வேலைக்காரர்:
நகத்துக்குப் பள்ளமாகத் தட்டினால் அந்த வெள்ளைப் படிவு பெயின்ற்றை அரித்துவிட்டது. பொலிஷ் இரண்டு தரம் போட்டுப் பாருங்கள், அதற்கு மேல் தேய்க்க வேண்டாம். மிச்சத்தை அப்படியே விடுங்கள். கலியாணத்தன்று பொனற்றில் பூமாலை வருமல்லவா, அது அந்த இடத்தில்தான் வரும்.