டைட்டர்: ‘செறிவு’ வேண்டாம், ‘நீர்ப்பெல்லை’ எனலாம்

உடலின் சொந்த உயிரணுக்களையே பற்றும் தன்னெதிர்ப்பொருள்களைக் கண்டறியும் சோதனைகளில், 1:80 என்பதுபோல் வரும் ‘டைட்டர்’ என்பதைத் தமிழில் ‘செறிவு’ என்றோ ‘தரம்’ என்றோ எழுதலாம் என்னும் கருத்து இருக்கிறது. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. சென்னையில் மூட்டுவலிக்காக, மையக்கருவைப் பற்றும் தன்னெதிர்ப்பொருளைத் தேடும் ஏஎன்ஏ சோதனை செய்துகொண்ட ஒருவரின் அறிக்கையில் ‘தரம் 1:640’ என்று அச்சாகியிருந்தால், தரம் கூடுவது நல்லதுதானே என்று அவர் நிம்மதி அடையக்கூடும். பள்ளி வேதியியலின் ‘தரம் பார்த்தல்’ வழியாக அந்தச் சொல் வந்திருந்தாலும், நோயாளியிடம் அது தவறான பொருளையே கொண்டுசேர்க்கும்.

அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதிலிருந்தே சொல்லைத் தேட வேண்டும். ஹெப்-2 என்னும் மனித உயிரணுக்கள் ஒட்டிய கண்ணாடிச் சில்லின்மேல் நோயாளியின் சீரத்தை (குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீர்மத்தை) இட்டுக் கழுவுகிறார்கள். உயிரணுவில் பற்றிக்கொண்ட தன்னெதிர்ப்பொருள் மட்டும் தங்கிவிட, மனித எதிர்ப்பொருளைப் பற்றக்கூடிய, ஒளிரும் சாயம் பிணைத்த இன்னோர் எதிர்ப்பொருளை அதன்மேல் சேர்த்து, மீண்டும் கழுவி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். சீரத்தை 1:40, 1:80, 1:160 எனப் படிப்படியாக இருமடங்கு நீர்த்துக்கொண்டே போகும்போது, ஒளிர்வு கடைசியாகத் தெரியும் படி எதுவோ அதுவே டைட்டர். ஆகவே அது நீர்த்தலின் எல்லை. ‘நீர்ப்பெல்லை’ என்று நான் முன்மொழிவதன் காரணம் இதுதான். ‘நீர்த்த அமிலம்’ என்று பள்ளியில் படித்த எவருக்கும் இதன் முற்பாதி அந்நியமாக இராது.

‘செறிவு’ கூடாது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. ஒரு மில்லிலிட்டரில் இத்தனை என்று எடைபோட்டுச் சொல்லும் துல்லியத்தை அச்சொல் உணர்த்துகிறது. இங்கோ பார்ப்பவரின் கண்ணும் கருவியின் விளக்கும் மாறினாலே விடை ஒரு படி ஏறி இறங்கலாம் என்பதால், 1:160-க்கும் 1:320-க்கும் இடையிலான வேறுபாட்டை நோய் முற்றியதற்குச் சான்றாக எவரும் கொள்வதில்லை. 1997-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில், நலமாயிருந்தவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு 1:40-இலும், 5 விழுக்காட்டினருக்கு 1:160-இலும் ஒளிர்வு தெரிந்தது. தன்னெதிர்ப்பொருள்களால் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோயை வகைப்படுத்தும் 2019-ஆம் ஆண்டு வரையறையும் 1:80-ஐ நுழைவாயிலாக மட்டுமே வைத்திருக்கிறது. அதைக் கடந்த பிறகு மற்ற அறிகுறிகளுக்குத் தனியே மதிப்பெண் கூட்ட வேண்டும்.

1971-இல் எங்வாலும் பெர்ல்மனும் வெளியிட்ட, எதிர்ப்பொருளை அளக்கவும் பயன்படும் மற்றொரு முறையான எலைசாவின் நிலை வேறு. அதில் நொதி உண்டாக்கும் நிறத்தின் அடர்த்தியைக் கருவி அளந்து அலகுகளில் தருவதால், அங்கே ‘அளவு’ என்பதே போதும். இரு முறைகளின் விடைகளுக்கும் ஒரே சொல்லைச் சூட்டினால், எலைசாவின் 80 அலகையும் 1:80-ஐயும் ஒன்றாகக் கருதும் குழப்பத்துக்கு நாமே வழி செய்தவர்களாவோம்.

‘நீர்ப்பெல்லை 1:320, மையக்கருவில் புள்ளி வடிவ ஒளிர்வு’ என்று எழுதிப் பார்த்தேன். தடையின்றிப் படிக்க வருகிறது. தமிழக அரசின் சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்புமுன் இன்னொன்றையும் முடிவு செய்தாக வேண்டும்: பாடநூல்கள் ‘நின்றொளிர்தல்’ என்பதைப் ஒளியூட்டல் நின்றபின்னும் தொடரும் பாஸ்பரஸன்ஸுக்கு ஒதுக்கியிருப்பதால், ஒளியூட்டும்போது மட்டும் தெரியும் புளோரசன்ஸுக்கு ‘ஒளிர்வு’ என்பதை மட்டும் நிலைநிறுத்தி, வேறு எந்த வெளிச்சத்துக்கும் அதை இத்துறையில் கையாளாமலிருக்க உடன்படுவோமா?