யாழ்ப்பாணத் தீவுக்காரரே, தீவின் பெயரால் உங்களுக்கு என்ன நடந்தது?

நாரந்தனையான்:
அப்பாவின்ரை காணி அலுவலாய் ஒரு கந்தோருக்குப் போனனாங்கள். காணி உறுதியிலை எங்கடை ஊர் நாரந்தனை எண்டு கிடக்கு. அவையின்ரை தேசப்படத்திலை தீவு முழுக்க லைடன். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஒல்லாந்தர் தங்கடை ஊர்ப் பெயர்களை வைச்சது தெரியும்தானே: காரைதீவு அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம். "லைடன் எண்டு பதிஞ்சால்தான் ஐயா எடுக்கும்" எண்டு அங்கை இருந்த பிள்ளை சொன்னா. அப்பா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு, படத்திலை விரலை வைச்சு மெல்ல மெல்ல நகர்த்தினார். "இது கரம்பொன். இது சுருவில். இது சரவணை. லைடன் எங்கை பிள்ளை?" அந்தப் பிள்ளை விரலையே பார்த்துக்கொண்டு நிண்டா. எங்கடை தீவுக்கு என்ன பெயர்தான் சொல்லுறது?

வேலணைக் கடல்:
வேலணைத்தீவு எண்டு சொல்லுங்கோவன்! பிரதேச செயலகப் பிரிவே அந்தப் பெயரிலை இருக்கு.

நாரந்தனையான்:
ஊர்காவற்றுறைக்கும் தனிப் பிரிவு இருக்கு. நாங்கள் அதுக்கைதான். எப்பிடி வேலணை எண்டு எழுதுறது?

காரை மருமகள்:
லண்டனிலை இருந்து மாமி எங்களுக்கு ஒரு பார்சல் போட்டவ. ஆச்சி சொல்லித் தந்தபடி விலாசம்: காரைதீவு, இலங்கை. அது அம்பாறைக் காரைதீவுக்குப் போட்டுது. இந்தக் குழப்பம் வேண்டாமெண்டுதான் 1920களிலேயே காரைநகர் எண்டு மாத்தினவை, ஆனால் ஆச்சியின்ரை வாயிலை கடைசிவரை காரைதீவுதான். சுத்தித் திரிஞ்சு வந்த பெட்டியை நான்தான் வெட்டினன். ஆச்சிக்கெண்டு அனுப்பின கம்பளிச் சட்டை மேலை இருந்தது. அதுக்கிடையிலை ஆச்சி போட்டா.

நெடுந்தீவு மேற்கு:
லைடன் கந்தோர்ப் படத்தோடை நிண்டிட்டுது. எங்கடை நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைச்ச டெல்வ்ற் எண்ட பெயர் சனத்தின்ரை வாய்க்குள்ளேயே வந்திட்டுது, அதுதான் கவலை. குறிகட்டுவான் துறையிலை படகு ஏறி வரேக்கை, நயினாதீவு பின்னுக்குப் போய் கடல் தூக்கிப் போடத் தொடங்கின இடத்திலை, பக்கத்திலை இருந்த அம்மா பையுக்குள்ளாலை செவ்வரத்தம்பூவை எடுத்துத் தண்ணியிலை விட்டா. முன்னாலை இருந்த கொழும்புப் பொடியன் "டெல்வ்ற்றுக்கு இன்னும் எவ்வளவு நேரம் அம்மா?" எண்டு கேட்டான். "நெடுந்தீவு, தம்பி" எண்டு மட்டும் சொன்னா. 1985 மே 15 இல் குமுதினிப் படகிலை வெட்டுப்பட்ட சனத்துக்குத்தான் அந்தப் பூ எண்டு அவனுக்கு ஆர் சொல்லுறது? வேலணையும் நாரந்தனையும் சண்டை பிடிக்கிறதை விட்டிட்டு, குதிரையும் பெருக்குமரமும் பார்க்க வாறவைக்கு ஊர்ப் பெயரைச் சொல்லிக் குடுங்கோ.

ஓய்வு நொத்தாரிசு:
என்னட்டையும் லைடன் எண்டு எழுதின உறுதியோடை ஒராள் அழுதுகொண்டு வந்தவர். சரி, அது கிடக்கட்டும். தீவிலை காணி வைச்சிருக்கிற எல்லாரும் கேளுங்கோ. உறுதி முடிக்கேக்கை தீவின்ரை பெயரை மட்டும் நம்பாதேங்கோ. ஊர், காணிப் பெயர், எத்தினை பரப்பு, நாலு பக்க எல்லை எல்லாம் இருக்கவேணும். பெயர் ரெண்டு இருந்தால் ரெண்டையும் எழுதுவியுங்கோ: "லைடன் எனும் தீவில் நாரந்தனை" எண்டு எழுதினால் குழப்பம் குறையும். தீவை மாத்தி எழுதின ஒல்லாந்தர்தான் காணித் தோம்பும், அதாவது காணிப் பதிவேடும், எழுதினவை, அதாலை பழைய உறுதியிலை தோம்பு எண்டு ஏதும் கிடந்தால் அந்த வசனத்தை அப்பிடியே புது உறுதிக்குக் கொண்டுவாங்கோ. வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையள், கிராம சேவகரிட்டைக் கடிதம் எடுக்காமல் விமானம் ஏறாதேங்கோ. மூல உறுதியை ஒரு கந்தோரிலையும் விட்டிட்டு வராதேங்கோ.