புதுப்பிப்பு: ஹாரோ லீஸ்ஹோல்ட் வீடு, காகிதமெல்லாம் ஒருவழியாக வந்தது

லண்டன் ஹாரோவில் ஒரு லீஸ்ஹோல்ட் ஃபிளாட் (நிலம் வேறொருவருடையது, குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் வீடு நம்முடையது) வாங்குகிறோம், விற்பவர் லீஸ் விவரங்களை நிரப்பித் தந்த டிஏ7 (TA7) படிவம் மட்டும் போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். போதாது. கட்டடத்தின் கட்டணம், பராமரிப்பு விவரங்களை நில உரிமையாளர் தரப்பு நிரப்பித் தரும் எல்பிஇ1 (LPE1) படிவமும் வேண்டும். அது வர ஆறு வாரம் இழுத்தது. கட்டணம் விற்பவர் தலையில், நல்லவேளை!

அதோடு மூன்று வருடப் பராமரிப்புக் கணக்கும் வந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரே வரி: அடுத்த வருடம் கூரை மாற்றம். நான் இரண்டு முறை படித்தும் கண்ணில் படவில்லை, எங்கள் சொலிசிட்டர்தான் (வீட்டுப் பத்திர வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர்) பிடித்தார். இப்போது அந்தக் கூரைச் செலவுக்காக, விற்பவருக்குத் தரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கப் பேச்சு நடக்கிறது.

லீஸ் 1982இல் தொடங்கியது, 125 வருடம். மிச்சம் 80 வருடத்துக்குக் கீழே போனால் நீட்டிக்கும் செலவு எகிறும். நாங்கள் அந்த விளிம்பில்தான் நிற்கிறோம். வாங்கி இரண்டு வருடம் ஆன பிறகே நீட்டிப்பு கேட்கலாம் என்ற பழைய விதி 2025 ஜனவரி 31இல் போய்விட்டது. அதனால் சாவி கைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான்.

கட்டடக் காப்பீட்டுச் சான்று வந்துவிட்டது. தரைவாடகையின் (நில உரிமையாளருக்குக் கட்டும் வாடகை) கடைசி ரசீது மட்டும் பாக்கி.