வானவில் எழுத்தில் இருக்கும் கொழுந்துக் கணக்கு லினக்ஸ் மின்ட்டில் திறக்குமா?

கோத்தகிரி_கணக்கு:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயிகள் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். யார் எத்தனை கிலோ கொழுந்து போட்டார்கள், முன்பணம் எவ்வளவு, உரத்துக்குப் பிடித்தது எவ்வளவு எல்லாம் ஒரே லேப்டாப்பில், எக்செல்லில். 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. 11 இந்த மிஷினில் ஏறாது. புதுசு வாங்குங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். கொழுந்து விலை தெரிந்தவர் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அண்ணன் மகன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்கிறான். அவன் லேப்டாப்பில் என் ஃபைலைத் திறந்தால் உறுப்பினர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமாக வந்தது. பெயரெல்லாம் வானவில் அவ்வையார் என்கிற எழுத்துருவில் அடித்தவை. நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள், தமிழ்99 விசைப்பலகை கைக்கு வராது. மழையில் மரம் விழுந்தால் கரண்ட் போய்விடும், டவரும் கூடவே போகும். லேப்டாப் பேட்டரியும் செத்துவிட்டது.

குன்னூர்_ரிப்பேர்:
அக்கா, அந்த ஹார்டு டிஸ்க்கில் கை வைக்கவே வேண்டாம். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க் இடத்தில் மாட்டும் வேகமான சேமிப்பகம்) ஒன்று வாங்கி மாட்டி, மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்கிற இலகுவான பதிப்பை அதில் போடுங்கள். பழைய டிஸ்க் விண்டோஸோடு அப்படியே பீரோவில் இருக்கட்டும். பாதியில் கரண்ட் போனாலும் போவது காலி எஸ்எஸ்டியில் செய்த வேலைதான், கணக்கு பத்திரம். டிஸ்க்குக்கு ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கினால் ஃபைலை அதிலிருந்தே காப்பி செய்யலாம். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு.

மின்ட்டை நிறுவ இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி. பிரவுசரில் இறக்காதீர்கள், டவர் போனால் முதலிலிருந்து இழுக்க வேண்டி வரலாம். மின்ட் தளத்திலேயே டோரண்ட் (துண்டு துண்டாக இறக்கும் முறை) இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும், துண்டு துண்டாகச் சரிபார்த்தும் கொள்ளும். பென்டிரைவில் எழுதிப் பூட் செய்து, இன்ஸ்டால் பண்ணாமலே முதலில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை வரவில்லையென்றால் போனை யுஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போடுங்கள், போனின் இணையம் லேப்டாப்புக்கு வரும்.

கூடலூர்_தமிழ்:
பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எக்செல்லோ மின்ட்டோ காரணமில்லை. வானவில் யுனிகோட் இல்லை, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் அது இல்லை. இங்கிலீஷ் எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் சாயம் வெளுத்துவிடும். உங்கள் விண்டோஸில் உள்ள எழுத்துருக் கோப்பை மின்ட்டில் சேர்த்தால் எக்செல்லுக்குப் பதிலாக அதில் இருக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பெயரைக் காட்டும். அவசரத்துக்கு அது போதும்.

ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னால் கால்க் உள்ளே இருக்கும் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துத்தான் அடுக்கும். எழுத்துக்கு எழுத்து மாற்றிவிடலாம் என்றாலும் நடக்காது. 'கெ'வில் கொம்பு இந்த எழுத்துருக்களில் முதலில் வரும், யுனிகோடில் 'க'வுக்குப் பிறகு. 'கொ' என்றால் கொம்பு முன்னே, கால் பின்னே. ஓபன்-தமிழ் என்கிற பைத்தான் நூலகத்தில் வானவில்லை யுனிகோடாக்கும் வசதி இருக்கிறது. அது வெறும் எழுத்தைத்தான் வாங்கும், அதனால் பெயர் பத்தியை மட்டும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒட்டி ஓட்டுங்கள். எண் பத்திகளைத் தொடவே வேண்டாம். இன்ஷியலை இங்கிலீஷில் அடித்திருந்தால் அதையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும், அவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும்.

விசைப்பலகைக்குக் கவலை வேண்டாம். மின்ட்டில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ்-எம்17என் பொதியில் தமிழ்99-உம் உண்டு, டைப்ரைட்டர் விசை அமைப்பும் உண்டு. ஹையர் பழக்கம் வீணாகாது.

கோத்தகிரி_கணக்கு:
டைப்ரைட்டர் இருக்கிறதா! அதற்காகவே மாறலாம். எஸ்எஸ்டி செலவைக் குழுவில் கேட்டுப் பார்க்கிறேன், மாதக் கணக்கு பட்டுவாடா முடியட்டும். ஒன்று விட்டுவிட்டது: உறுப்பினர் சீட்டு எல்லாம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில்தான் எடுக்கிறோம், கார்பன் நகல் வேண்டும். அது ஓடுமா?

குன்னூர்_ரிப்பேர்:
24 ஊசியா, 9 ஊசியா? பின்னால் யுஎஸ்பியா, பழைய பேரலல் போர்ட்டா? மாடல் நம்பரையும் சேர்த்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.