உப்புக்கறை பிடித்த கழிவறை: ஆசிட் இல்லாமல் வழி உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். வீடு தேவிபட்டினம் பக்கம், கடல் கூப்பிடு தூரம். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கக் காவிரித் தண்ணீர் வருகிறது. அதைக் கழிவறைக்கு ஊற்ற மனசு வருமா?

பிரச்சினை இதுதான். பீங்கானில் தண்ணீர் வழியும் தடத்தில் மஞ்சளாக ஒரு படிவு. சுரண்டினால் சுண்ணாம்பு போல உதிர்கிறது. அழுக்கும் நாற்றமும் அதன் மேல்தான் பிடித்துக்கொள்கின்றன. ஆசிட் ஊற்றினோம். கறை போனது, கூடவே டைல்ஸ் இடுக்குச் சிமெண்டும் போனது. மறுநாள் அம்மா அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவ, குபீரென்று குளோரின் நெடி கிளம்பி, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். தயவுசெய்து இரண்டையும் யாரும் சேர்க்காதீர்கள்.

இப்போது எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிட்டை, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து இரவில் ஊற்றி, காலையில் பிரஷ் போடுகிறேன். புதுக்கறை போகிறது, பழசு அசையவில்லை. நீங்கள் லிட்டருக்கு எத்தனை கரண்டி போடுகிறீர்கள்? எவ்வளவு நேரம் ஊற விடுகிறீர்கள்? செப்டிக் டேங்க் என்பதால் கிருமிநாசினியைக் கண்டபடி ஊற்றவும் பயம். கழிவை மட்க வைக்கும் நுண்ணுயிர்களும் செத்துப்போகுமே. மாதம் 100 ரூபாய்க்குள் சமாளிப்பவர்கள் சொல்லுங்கள். அப்புறம், கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம், பீங்கான் கீறிவிடும்.