மே விடுமுறையில் திமிங்கலம் பார்க்க மிரிசாவா, திருகோணமலையா?

சத்துவாச்சாரி வாசகர்:
அக்னி நட்சத்திர வெயிலில் வேலூரில் வாடுவதைவிட, இந்த மே மாதம் அம்மாவையும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளையும் இலங்கைக்கு அழைத்துச் சென்று, மகள் நெடுநாளாகக் கேட்டுவரும் நீலத் திமிங்கலத்தைக் காட்டிவிடலாம் என்று எண்ணுகிறேன். பயண முகவர்கள் இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிசாவையே சொல்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. எந்த ஊர் பொருந்தும்?

காட்பாடி வாசகர்:
மே மாதம் என்றால் தயங்காமல் திருகோணமலைக்குச் செல்லுங்கள். மிரிசாவின் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்று தெற்குக் கடலைக் கொந்தளிக்க வைத்துவிடும், ஆனால் அந்தக் காலத்தில் கிழக்குக் கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால், ஆழ்கடலில் இரை தேடும் திமிங்கலங்கள் கரைக்கு மிக அருகிலேயே வருகின்றன. நீலத் திமிங்கலத்தோடு எண்ணெய்த் திமிங்கலத்தையும் (ஸ்பெர்ம் வேல்) காணலாம். ஊரில் எங்கும் தமிழ் பேசலாம். பரபரப்பில்லாத ஊர், பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதர்களுக்கு அஞ்சாமல் உலவுவதை உங்கள் மகள் மிகவும் விரும்புவாள்.

ஆற்காடு வாசகர்:
ஊரைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அம்மாவைப் படகில் ஏற்ற வேண்டாம். அங்கே பெரும்பாலும் சிறிய கண்ணாடியிழைப் படகுகள்தாம்; அலையில் தூக்கிப் போடுவதை மூட்டுவலிக்காரர் தாங்கமாட்டார். கோட்டைக்குள் செங்குத்தான பாறைமேல் இருக்கும் கோணேசர் கோயில் ஞானசம்பந்தர் பாடிய தலம். அம்மா நிதானமாக ஏறித் தரிசனம் செய்யலாம். கடல் தெளிவாக இருக்கும் நாளில், திமிங்கலம் மூச்சுவிடும்போது எழும் நீராவித் தூணை அந்தப் பாறையிலிருந்தே பார்க்கக்கூடும். தொலைநோக்கி ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

வாணியம்பாடி வாசகர்:
படகுக்காரரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். திமிங்கலத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. "பக்கத்திலேயே கொண்டுபோய்க் காட்டுகிறேன்" என்பவரையும், அதனருகில் நீந்த வைப்பதாகச் சொல்பவரையும் தவிர்த்துவிடுங்கள்; மூச்செடுக்க மேலே வந்த உயிரைத் துரத்தினால், அது போதிய மூச்சு எடுக்காமலே மூழ்கிவிடும். எஞ்சினை நிறுத்திக் காத்திருப்பவரே நல்ல படகுக்காரர். நேராகவும் மிக உயரமாகவும் எழும் மூச்சு நீலத் திமிங்கலத்தினுடையது. முன்பக்கம் இடப்புறமாகச் சாய்ந்து எழுவது எண்ணெய்த் திமிங்கலத்தினுடையது. இதை மகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள், அவளே அடையாளம் கண்டு மகிழ்வாள். காற்று வலுக்கும் முன் விடியற்காலையில் புறப்படுங்கள். குமட்டலுக்கான மாத்திரையைப் படகேறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கொழும்பிலிருந்து சாலை வழி ஏறத்தாழ 260 கிலோமீட்டர் என்பதால், சென்னையிலிருந்து விமானத்தில் இறங்கிய அன்றே அம்மாவை அவ்வளவு தொலைவு அலைக்கழிக்காமல், வழியில் ஓர் இரவு தங்கிச் செல்வது நல்லது.